வகுப்பு நடக்காத சனிக்கிழமை

அத்தியாயம் 17

சனிக்கிழமைப் பிற்பகலில் பாரிசின் லாச்சப்பல் தெருவில் வேகமாக நடக்க நினைப்பவர் அந்த இடத்துக்குப் புதியவராகத்தான் இருக்க வேண்டும். நிரோஜினி புதியவள் அல்ல. ஆனாலும் அன்று ஓட்டமும் நடையுமாக வந்தாள். சென் தெனியில் அவள் வேலை செய்யும் காப்புறுதி அலுவலகம் மத்தியானம் தாண்டித்தான் அவளை விட்டது. கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கியவள், முருங்கைக்காய்ப் பெட்டிகளையும் நகைக்கடை வாசலில் நின்று கலியாணம் பேசுகிறவர்களையும் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

நல்லூற்று மன்றத்தின் போன வருட விண்ணப்பம் திரும்பி வந்த கதை உங்களுக்கு நினைவிருக்கும். மன்றத் தலைவர் இராஜதுரை, அதாவது நிரோஜினியின் மாமனார், நகரசபை மானியம் கேட்டு எழுதியபோது மன்றத்தின் பத்தாவது ஆண்டு மலரையும் சேர்த்து அனுப்பிவிட்டார். மலர் நிறைய வாழ்த்துச் செய்திகள். எல்லாப் படத்திலும் தலைவர். பெண்கள் பிரெஞ்சு படிக்கும் சனிக்கிழமை வகுப்பைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி. நகரசபை மிகவும் பணிவாக மறுத்துவிட்டது.

இந்த முறை நிரோஜினி எழுதினாள். வகுப்பை மட்டுமே எழுதினாள். தலைவரின் படம் ஒன்றுகூட வைக்கவில்லை. இராஜதுரை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு சில நாள் தேத்தண்ணி குடிக்க மட்டும் வாயைத் திறந்தார்.

போன கிழமை பதில் வந்தது. மாக்சிம் என்ற அதிகாரி நேரில் வருவார். வகுப்பை வழக்கம்போல நடத்துங்கள், ஒரு மூலையில் இருந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று எழுதியிருந்தார். அவர் பார்ப்பதைப் பொறுத்துத்தான் மானியம். மானியம் வராவிட்டால் கோடை விடுமுறைக்குப் பிறகு அறையை வைத்திருக்க முடியாது. அறை இல்லாவிட்டால் வகுப்பும் இல்லை. இதுதான் நிலைமை.

மன்றத்தின் அறை ஒரு பழைய கட்டிடத்தின் உள்முற்றத்தில் இருந்தது. கதவைத் திறந்த நிரோஜினி, வேறு யாருடைய மண்டபத்துக்கோ வந்துவிட்டோம் என்று நினைத்தாள்.

பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். வரிசை வரிசையாகக் கதிரைகள். பெண்கள் சுற்றியிருந்து படிக்கும் பெரிய மேசை முன்சுவரோடு ஒட்டிக் கிடந்தது; அதன் மேல் சிவப்புத் துணி, ஒலிவாங்கி, பூச்சாடி. வெண்பலகை சுவர்ப்பக்கம் திரும்பி நின்றது. அதன் முதுகில் 'நல்வரவு' என்று தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

இராஜதுரை கோட் போட்டு, ஒரு கதிரை வரிசையை நேராக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, உதென்ன?"

"ஏன் பிள்ளை, வடிவா இல்லையோ?"

"வகுப்பு எங்கை?"

"வகுப்பை அடுத்த கிழமை வைக்கலாம். எல்லாருக்கும் காலமை வைபரில சொல்லிப்போட்டன், சீலை உடுத்து வாங்கோ எண்டு. வடை சுடவும் ஆக்கள் வேணும்தானே."

காலையில் அவள் வேலைக்குப் போன பிறகு இவ்வளவும் நடந்திருக்கிறது.

"மாமா, அவர் வகுப்பைப் பாக்கத்தான் வாறார். வழமைபோல நடத்துங்கோ எண்டு எழுதினவர். நான் உங்களுக்கு வாசிச்சும் காட்டினனான்."

"அவை அப்பிடித்தான் எழுதுவினம். வீட்டுக்கு வாற ஆள் ஒண்டும் செய்யாதேங்கோ எண்டுதான் சொல்லும். அதுக்காக வெறுந்தேத்தண்ணி குடுத்து அனுப்புறதோ?"

அவள் வீட்டுக்கு யாராவது 'ஒன்றும் வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டு வந்தால் அவளும் அடுப்படிக்குத்தான் ஓடுவாள். மாமா கெட்டது ஒன்றும் நினைக்கவில்லை. அதுதான் இன்னும் கோபத்தைக் கிளப்பியது. கெட்ட எண்ணம் இருந்தால் சண்டையாவது பிடிக்கலாம்.

"சரி மாமா, கதிரையளை எடுப்பம். மேசையை நடுவில இழுப்பம். அவர் வர இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கு."

"உனக்கு விசரே? முன்வரிசையில ஆரார் இருக்கினம் எண்டு பார்."

முன்வரிசையில் மூன்று கடை முதலாளிகளும், மன்றத்தின் எல்லாக் கூட்டத்திலும் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொள்ளும் செபஸ்தியாம்பிள்ளை மாஸ்டரும் இருந்தார்கள். அழைத்து உட்கார வைத்தவர்களை எழும்பச் சொல்லும் துணிவு யாருக்கு வரும்?

அப்போது சமையலறையில் இருந்து மாமி, இராஜதுரையின் மனைவி, வந்தார். தில்லைநாயகிக்கு அறுபத்திரண்டு வயது. பாரிசுக்கு வந்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேல். வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம். கையெல்லாம் கடலைப்பருப்பு மா.

"நிரோ, இண்டைக்கு வகுப்பு ஒரு துண்டும் இல்லையோ?"

"பாருங்கோ மாமி, மாமாவின்ரை வேலையை."

"டெலிபோன் பாடம் எண்டெல்லோ சொன்னனீ. காலமையும் கேட்டனான்."

ஓம், கேட்டார். காலையில் லா கூர்னெவ் வீட்டில், நிரோஜினி சப்பாத்து மாட்டும்போது கேட்டார். இன்றைக்கு மருத்துவ நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து 'ரொந்தேவு', அதாவது சந்திக்க நேரம், கேட்கும் பாடம்தானே என்று. மாமிக்குப் படிப்பில் இவ்வளவு ஆர்வமா என்று நிரோஜினி மகிழ்ந்துகொண்டே ரயிலைப் பிடித்தாள்.

"அடுத்த கிழமை செய்வம் மாமி."

தில்லைநாயகி எதையோ சொல்ல வந்தார். அதற்குள் வாசலில் செபஸ்தியாம்பிள்ளை மாஸ்டர் கையைத் தட்டத் தொடங்கிவிட்டார்.

மாக்சிமுக்கு முப்பது வயதுகூட இருக்காது. சைக்கிளில் வந்திருந்தார். தலைக்கவசத்தைக் கழற்றிய கையோடு நின்றவரின் தோளில் இராஜதுரை பொன்னாடையைப் போர்த்தினார். முதலாளிகள் எழுந்து நின்று படம் எடுத்தார்கள். மாக்சிம் தலைக்கவசத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டே சிரித்தார்.

பிறகு செபஸ்தியாம்பிள்ளை மாஸ்டர் வரவேற்புரை ஆற்றினார். இராஜதுரை தலைமையுரை ஆற்றினார். தலைமையுரையைப் பிரெஞ்சில்தான் ஆற்றினார். முப்பத்தெட்டு வருடம் உணவக அடுக்களைகளில் கத்திப் பழகிய பிரெஞ்சு. பிழை இருக்கும், தயக்கம் இருக்காது. லாச்சப்பலில் முதல் தமிழ்க்கடை திறந்த நாளில் இருந்து தொடங்கினார்.

மாக்சிம் பக்கத்தில் இருந்த நிரோஜினியிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"வகுப்பு எப்போது தொடங்கும்?"

உரைகள் முடிந்ததும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் உரைகள் முடியும். வகுப்பு எங்கிருந்து வரும்?

"இன்றைக்கு இல்லை. உங்களை வரவேற்பதற்காக நிறுத்திவிட்டார்கள்."

அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் சோர்ந்துபோனார், அவ்வளவுதான். "மதாம், நான் பார்த்ததை மட்டும்தான் எழுத முடியும். பார்க்காத வகுப்பைப் பற்றி என்ன எழுதுவது? இதற்குப் பிறகு இன்னொரு சங்கத்துக்கும் போக வேண்டும்."

"எனக்கு விளங்குகிறது," என்றாள் நிரோஜினி.

தலைமையுரை முடிந்து நினைவுப் பரிசு வந்தது. பட்டுத்துணி சுற்றிய குத்துவிளக்கு. மாக்சிம் இரண்டு கையையும் முன்னால் நீட்டி மறுத்தார். உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கிறவன் உங்களிடம் பரிசு வாங்க முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். இராஜதுரை விளக்கைப் பிடித்தபடியே நின்றார். அவர் முகம் கறுத்துப்போனது. வீடு தேடி வந்தவர் கொடுத்ததை வாங்காமல் நிற்பது அவர் அறிந்த எந்த மரியாதையிலும் இல்லை.

"இப்ப தேத்தண்ணி," என்று செபஸ்தியாம்பிள்ளை மாஸ்டர் ஒலிவாங்கியில் அறிவித்து நிலைமையைச் சமாளித்தார்.

நிரோஜினி சமையலறைக்குள் போனாள். போகும்போதே கண் கலங்கிவிட்டது. பல மாத வேலை. எத்தனையோ ராத்திரி, பிள்ளைகளைப் படுக்க வைத்த பிறகு ஒவ்வொரு வரியாக எழுதிய விண்ணப்பம். ஒரு பொன்னாடையில் எல்லாம் முடிந்தது.

உள்ளே பட்டுச்சேலைகளும் எண்ணெய் வாசமுமாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். வகுப்பு முழுவதும் அங்கேதான் நின்றது. ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவு செய்யும் பேர்ளி அடுப்பில் வடை போட்டுக்கொண்டிருந்தாள்.

தில்லைநாயகி கையைக் கழுவித் துடைத்துவிட்டு நிரோஜினியின் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, நான் இப்ப எடுக்கப்போறன்."

"என்னத்தை மாமி?"

"டெலிபோனை. திங்கள் லீவு நாள். இண்டைக்கு விட்டால் பேந்து செவ்வாய்தான் அவையைப் பிடிக்கலாம். நான் இனியும் பொறுக்கேலாது. நீ பக்கத்தில நில். பிழையெண்டால் மட்டும் சொல்லு. நீ கதைக்கக் கூடாது."

நிரோஜினிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேர்ளி திரும்பிப் பார்க்காமல் அடுப்பைக் குறைத்தாள். மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அப்போதுதான் நிரோஜினிக்கு உறைத்தது: இங்கே நிற்கும் எல்லோருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

தில்லைநாயகி இலக்கத்தை அழுத்தி, தொலைபேசியைச் சத்தமாக வைத்து, மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். வகுப்பில் அப்படித்தான் பழக்கியிருந்தாள் நிரோஜினி. ஒருவர் பேச, எல்லோரும் கேட்க வேண்டும்.

மணி அடித்தது. ஒரு பெண்குரல் எடுத்தது.

"போன்ஜூர் மதாம்," என்றார் தில்லைநாயகி. அதற்குப் பிறகு எல்லாம் பிரெஞ்சில். "எனக்கு ஒரு ரொந்தேவு வேண்டும். தயவுசெய்து."

"எதற்கு, மதாம்?"

"மமோகிராபி. முதல் படம் எடுத்தது. டொக்டர் சொன்னார், இன்னொரு படம் வேண்டும். இடது பக்கம். அவசரம் என்று சொன்னார்."

மாமி எப்போது முதல் படம் எடுத்தார்? யாரோடு போனார்? ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறோமே. ஒரு வார்த்தை சொல்லவில்லையே. வாயைத் திறக்கப் போன நிரோஜினியின் தோளில் பேர்ளி கையை வைத்தாள். நீ கதைக்கக் கூடாது என்று மாமி சொன்னது நினைவுக்கு வந்தது.

சமையலறை வாசலில் யாரோ வந்து நின்றார்கள். மாக்சிம். பொன்னாடை இன்னும் தோளில் கிடந்தது. போவதற்கு முன்னால் பெண்களிடம் இரண்டு வார்த்தை பேசலாமா என்று கேட்க வந்திருப்பார். காதில் விழுந்ததும் பேனையைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு ஓரடி பின்னால் போய் நின்றார்.

"உங்கள் குடும்பப் பெயர், மதாம்? எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள்."

தில்லைநாயகி மூச்சை இழுத்தார். இது வகுப்பு முழுவதும் சறுக்கிய இடம். ஊரில் ஆங்கிலம் படித்த பழக்கத்தில் 'ஜே' என்று சொன்னால் பிரெஞ்சுக்காரர் வேறொரு எழுத்தை எழுதிவிடுவார்கள். இங்கே அதை 'ஜி' என்று சொல்ல வேண்டும். அதை வைத்தே ஒரு மாதம் சிரித்திருக்கிறார்கள். இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

"எர். ஆ. ஜி. ஆ." ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு விரலை மடக்கினார். "தே. யூ. எர். ஆ. இ."

வெளியே தேத்தண்ணிக்காகப் பேச்சு ஓய்ந்திருந்தது. எழுத்துகள் பரிமாறும் சிறு யன்னல் வழியாக மண்டபத்துக்குள் ஒவ்வொன்றாகப் போயின. அது இராஜதுரையின் பெயர். தன் பெயரைத் தன் மனைவி பிரெஞ்சில் சொல்லி அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு சிரிப்போடு எழுந்து வந்தார். செபஸ்தியாம்பிள்ளை மாஸ்டர் சற்று முன்பு அவருக்குப் போர்த்திய பொன்னாடை தோளில் கிடந்தது.

மாக்சிமுக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது தொலைபேசிக் குரல் சொல்லிக்கொண்டிருந்தது.

"சரி மதாம். இரண்டாவது மமோகிராபி, இடது மார்பு. இந்தச் செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு ஓர் இடம் இருக்கிறது. தேவைப்பட்டால் அன்றைக்கே சதையில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பார்கள். உங்களோடு யாராவது வருவார்களா? மொழிபெயர்க்க?"

இராஜதுரையின் சிரிப்பு அப்படியே நின்றது.

தில்லைநாயகி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் யாரையும் பார்க்கவில்லை.

"இல்லை மதாம். நான் பேசுவேன். நான் தனியே வருவேன்."

நன்றி சொல்லி, செவ்வாய் ஒன்பது மணி என்று மறுபடி ஒருமுறை சொல்லிச் சரிபார்த்து, தொலைபேசியை வைத்தார். பாடத்தில் அப்படித்தான் இருந்தது, கடைசியில் நாளையும் நேரத்தையும் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று. பிறகு திரும்பினார். கணவரைக் கண்டார்.

எண்ணெயில் ஒரு வடை கருகியது. பேர்ளி அதை எடுத்து ஒதுக்கினாள்.

மாக்சிம் நிரோஜினியை முற்றத்துக் கதவுப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"இதை நீங்கள் ஏற்பாடு செய்தீர்களா?"

"இல்லை. எனக்கே இப்போதுதான் தெரியும். அவர் என் மாமியார்."

"அந்த மதாம் பேசியதை நான் எழுத மாட்டேன். அது அவருடையது." மாக்சிம் பொன்னாடையை எடுத்துக் கவனமாக மடித்து ஒரு கதிரையில் வைத்தார். "மற்றவர்கள் இருக்கிறார்கள்தானே? மீதிப் பாடத்தை நடத்த முடியுமா? அடுத்த இடத்துக்குத் தாமதமாக வருவேன் என்று சொல்லிவிடுகிறேன்."

மானியம் கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். இருந்து பார்க்கிறேன் என்றதே அன்றைக்குப் பெரிது.

நிரோஜினி திரும்பி வந்தபோது இராஜதுரை அதே வாசலில் நின்றார். பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில், விசாக் காரியாலயத்தில், முப்பத்தைந்து வருடமாகத் தில்லைநாயகியின் பிரெஞ்சு அவர்தான். கேள்வி மனைவியிடம் வரும். பதில் அவரிடம் இருந்து போகும். இன்றைய பதிலை அவருக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"இஞ்சாரும்," என்றார். அவ்வளவு நேரம் ஒலிவாங்கியில் முழங்கிய குரல் இல்லை அது. "எப்ப தொடக்கம்?"

"ஒரு மாசமா."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

"சொன்னால் நீங்கள்தான் டொக்டரோட கதைப்பியள். நான் வீட்டை வந்து உங்களிட்டை என்னவாம் எண்டு கேக்கவேணும். பாதியைத்தான் சொல்லுவியள். இது என்ரை உடம்பு. நான் முழுசாக் கேக்கவேணும்."

தில்லைநாயகி சண்டையாகச் சொல்லவில்லை. பருப்பு எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று சொல்வதைப் போலச் சொன்னார். இராஜதுரைக்கு அதுதான் தாங்கவில்லை. கண்ணைத் துடைக்கக் கையை உயர்த்தியவர், தோளில் கிடந்த பொன்னாடையாலேயே துடைத்தார்.

"செவ்வாய்க்கிழமை நானும் வாறன். வெளியில இருக்கிறன். வாய் திறக்கமாட்டன்."

தில்லைநாயகி அவரைப் பார்த்தார். சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டார்.

"அதைப் பேந்து கதைப்பம். இப்ப முதல்ல உந்தக் கதிரையளை வட்டமாப் போடுங்கோ. வந்த பிள்ளைக்கு நேரம் போகுது."

மன்றத் தலைவர் ஒரு கதிரையைத் தூக்கினார். முதலாளிகள் கதவோரம் ஒதுங்கி நின்றார்கள். நிரோஜினி வெண்பலகையைத் திருப்பினாள். அதில் போன சனிக்கிழமை எழுதிய வரி இன்னும் அழியாமல் இருந்தது: 'எனக்கு ஒரு ரொந்தேவு வேண்டும்.'